ஆரணியில் லக்னப் பத்திரிகை வாசித்த மாலை

ஆரணிக்குப் போகிறேன் என்று சொன்னதும் வேலை பார்க்கும் இடத்தில் ஆளுக்கொரு புடவை எடுத்துவரச் சொன்னார்கள். "நிச்சயதார்த்தத்துக்குப் போறேன், கடை போடப் போகல" என்று சொல்லித் தப்பித்தேன். வேலூரில் ரத்தப் பரிசோதனைக் கூடம் ஒன்றில் எனக்கு வேலை. என் பக்கத்து நாற்காலியில் உட்காரும் கயல்விழிக்குத்தான் நிச்சயம். இருபத்தேழு வயது, ஆரணிக்காரி, நான் கொண்டுபோகும் புளிக்குழம்பில் பாதியைச் சாப்பிடும் உரிமை உள்ளவள். போன தை மாதம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் விசேஷம். "வெள்ளிக்கிழமையே வந்துடுங்க அக்கா, ஊர சுத்திக் காட்டறேன்" என்றாள். ஒரு நாள் லீவு போட்டேன். பட்டு வாங்கவோ திருமலைச் சமணக் கோயில் பார்க்கவோ திட்டம் வைத்திருப்பவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன். தகவல் மட்டும் வேண்டும் என்பவர்களுக்கென்று கடைசிக்குச் சற்று முன்னால் ஒரு பத்தி இருக்கிறது, நேராக அங்கே போய்விடலாம். நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

வெள்ளி காலை 7.10க்கு வேலூர் பேருந்து நிலையத்தில் வண்டி ஏறினேன். கண்ணமங்கலம் வழியாக ஆரணி சுமார் நாற்பது கிலோமீட்டர், டிக்கெட் முப்பத்தெட்டு ரூபாய். எனக்குச் சொந்த ஊர் நாகர்கோவில். வேலூருக்கு வந்து ஒன்பது வருடம் ஆகியும் வாய் மட்டும் இன்னும் ஊரிலேயே இருக்கிறது. "ஆரணிக்கு ஒண்ணு தாங்க, சில்லறை உண்டு கேட்டேளா" என்றதும் நடத்துநர் ஒரு பார்வை பார்த்தார்.

"கேரளாவாங்க?"

"இல்ல, நாகர்கோவில்."

"அதான, கேரளா பக்கம்தான. ஆரணில பட்டு எடுக்கவா? கேட்ட வெலைய குடுத்துடாதீங்க."

திருநெல்வேலியைத் தாண்டினால் தமிழ் கிடையாது என்று வேலூரில் யாரோ தீர்மானம் போட்டு வைத்திருக்கிறார்கள். முதல் வருடம் எரிச்சலாக வந்தது. இப்போது பழகிவிட்டது. அதே வாயால் காய்கறிக் கடையில் "வாழைப்பழம்" என்று சொன்னால் போதும், "டீச்சருங்களா?" என்று மரியாதை பறந்து வரும். என் இழுவையைக் கேட்டால் அயலூர்க்காரி, என் ழகரத்தைக் கேட்டால் படித்தவள். ஒரே வாக்கியத்தில் இரண்டு பட்டமும் எனக்குக் கிடைத்ததுண்டு.

கண்ணமங்கலத்தில் வண்டி டீக்காக ஐந்து நிமிடம் நின்றது. டீ சுமார்தான், வடை பரவாயில்லை. எட்டரைக்கு ஆரணியில் இறங்கினேன். கயல் தன் அப்பாவோடு காத்திருந்தாள். அவர் பெயர் ஏழுமலை. அரிசி ஆலையில் சூப்பர்வைசர். அவருடைய அப்பா காலம் வரை அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை. இவர் ஆலையில் மூட்டை தூக்க வந்து, படிப்படியாக மேலே வந்தவர். ஆள் உயரம், குரல் அதைவிட உயரம். "வாங்கம்மா, நான்தான் கயலு அப்பா, ஏயுமல" என்று கைகூப்பினார்.

இந்தப் பக்கத்தில் பாதிப் பேருக்கு ழ வராது, ய வரும். வேலூரிலேயே தினமும் கேட்கிறேன், எனக்கு அது புதிதில்லை. கயல்தான் எனக்குப் புதிதாக இருந்தாள். பரிசோதனைக் கூடத்தில் தொலைபேசியில் டாக்டர்களுக்கு ரிப்போர்ட் வாசிக்கும் பெண், செய்தி வாசிப்பவர் தோற்றுப்போகும் உச்சரிப்பு. அவள் அப்பா பக்கம் திரும்பி, "இன்னாபா, அக்காவ நிக்க வெச்சிகினு பேசிகினே கீற" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கு முகம் சிவந்துபோனது.

இட்லி சாப்பிட்டுவிட்டுப் பத்து மணிக்குப் பட்டுக்கடைக்குப் போனோம். சம்பந்தியம்மாவுக்கு வைத்துக் கொடுக்க ஒரு புடவை வேண்டும். கயலின் அம்மா சரோஜா, கயல், நான், மூன்று பேர். அம்மாதான் முதலில் பேசினார்: "பட்டுப் பொடவ காட்டுங்க, நல்லதா." கடைக்காரர் உட்கார்ந்த இடத்திலிருந்தே கை நீட்டி, பக்கத்து அடுக்கிலிருந்து பளபளவென்று நாலு எடுத்துப் போட்டார். தொட்டுப் பார்த்தேன், பட்டு பாதி, பாக்கி என்னவோ. "கைத்தறியில அசல் பட்டா, தாழம்பூக் கரை வச்சது இருக்குமா?" என்றேன். அவ்வளவுதான். மனிதர் எழுந்து நின்றார். "உக்காருங்க மேடம்" என்றார், மின்விசிறியை என் பக்கம் திருப்பினார், உள்ளே போய் வெள்ளைத் துணியில் சுற்றிய கட்டு ஒன்றைக் கொண்டுவந்தார். அதற்கப்புறம் அவர் சொன்ன எல்லாமே என்னைப் பார்த்துத்தான், வாங்குகிறவர் சரோஜா அம்மா என்று தெரிந்த பிறகும்.

எனக்கு அவமானமாக இருந்தது, சரோஜா அம்மாவுக்காக. அவரோ அலட்டிக்கொள்ளவில்லை. "நீயே பேசும்மா. உன் வாய்க்குத்தான் உள்ள இருக்கறது வெளிய வருது" என்றார். மாம்பழ நிறத்தில் பச்சைக் கரை வைத்தது ஒன்று பிடித்துப்போய், பன்னிரண்டாயிரத்து ஐந்நூறுக்கு முடித்தோம். எனக்கு ஒன்றும் எடுக்கவில்லை, அந்தக் கடையில் எடுக்க மனசு வரவில்லை.

மூன்று மணிக்குத் திருமலை. ஆரணியிலிருந்து இருபது கிலோமீட்டர் போல வரும். ஏழுமலை அவருக்குத் தெரிந்த ஆட்டோவைப் பேசிவைத்திருந்தார், போக வர எழுநூறு ரூபாய், ஒன்றரை மணி நேரக் காத்திருப்பும் சேர்த்து. மலையடிவாரத்தில் பழைய சமணக் கோயில், அதை ஒட்டிப் பாறைக்குள் அறைகள், சுவரில் மங்கிய ஓவியங்கள். டார்ச் கொண்டுபோங்கள், கைப்பேசி வெளிச்சம் போதாது. படியேறினால் பாறையிலேயே செதுக்கிய நேமிநாதர், ஐம்பதடிக்கு மேல் உயரம். அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கிறது. கூட்டம் என்று ஒன்றுமே இல்லை, நாங்களும் இரண்டு குரங்குகளும்தான்.

ஏழுமலை கீழே ஆட்டோக்காரரோடு பேசிக்கொண்டிருந்தார். அவர் குரல் அங்கிருந்து மேலே வரைக்கும் கேட்டது. கயல் படியில் உட்கார்ந்து, "அக்கா, ஒரு உதவி" என்றாள்.

அவர்கள் பக்கத்தில் நிச்சயத்தன்று லக்னப் பத்திரிகையை ஐயர் வாசிப்பதில்லை. பெண்ணைப் பெற்றவர்தான் சபையில் எழுந்து நின்று உரக்க வாசிக்க வேண்டும்: இன்னாருடைய பேத்தியை, என் மகளை, இன்னாருடைய பேரனுக்கு இன்ன நாளில் கொடுக்கிறேன் என்று. அதை நான் வாசிக்க வேண்டும் என்றாள்.

"உங்க அப்பா இருக்காருல்லா?" என்றேன்.

அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. மாப்பிள்ளை பிரகாஷ், சென்னை அம்பத்தூர். இவர்கள் சொந்தத்தில்தான், இரண்டு தலைமுறைக்கு முன்னால் போய்க் குடியேறிய குடும்பம். பெண் பார்க்க வந்தபோது ஏழுமலை தட்டை நீட்டி, "வாயப்பயம் எடுத்துக்குங்க" என்று உபசரித்திருக்கிறார். மாப்பிள்ளையின் சித்தப்பா மகன் ஒருத்தன் அதைப் பிடித்துக்கொண்டான். அவர்கள் குடும்ப வாட்ஸப்பில் யார் என்ன சாப்பிட்டாலும் அவன் "வாயப்பயம் எடுத்துக்குங்க" என்று குரல் பதிவு போடுகிறானாம், ஏழுமலையின் குரலிலேயே. பிரகாஷே அதைக் கயலிடம் வேடிக்கையாகச் சொல்லியிருக்கிறான். கெட்ட பையனில்லை, யோசனை இல்லாமல் சொன்னது.

"நானும் சிரிச்சேன் அக்கா. போன வெச்சிட்டுப் போயி அழுதேன். நாளைக்கு நாப்பது பேர் வருவாங்க. அந்தப் பத்திரிகைல எத்தினி ழ இருக்குது தெரியுமா? என் பேர்லயே ஒண்ணு இருக்குது. காலேஜ்ல மொத நாள் எழுந்து பேர் சொன்னப்ப கிளாஸே சிரிச்சது. எனக்கு நாக்கு திரும்பவே ரெண்டு வருசம் ஆச்சி. அப்பா அங்க நின்னு அத வாங்கக் கூடாது அக்கா."

எனக்கு மறுக்கத் தோன்றவில்லை. அவள் கேட்டது நியாயம் என்றுதான் அப்போது பட்டது. இறங்கி வந்ததும் அவளே அப்பாவிடம் சொன்னாள். சபையில் வாசித்தால் கணீரென்று இருக்கும், அக்கா மேடையில் எல்லாம் பேசியிருக்கிறார் என்று என்னென்னவோ சேர்த்துச் சொன்னாள். நான் எந்த மேடையிலும் பேசினதில்லை. ஏழுமலை கேட்டுக்கொண்டே இருந்தார்.

"ஆமாமா. அவங்க படிச்சா ஷோக்கா இருக்கும். நான் எங்கனா தட்டுத்தடுமாறி பேஜாராயிடும்" என்றார். பிறகு ஆட்டோக்காரரிடம் திரும்பி, ஜல்தியா கிளம்பு, இருட்டிடும் என்றார். வெயில் நன்றாகவே இருந்தது. திரும்பி வரும் இருபது கிலோமீட்டரும் அந்தக் குரல் கேட்கவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம், தெருக்கோடியில் ஒரு சின்ன மண்டபம். ஐந்து மணிக்கு மாப்பிள்ளை வீட்டார் வேனில் வந்தார்கள். பஜ்ஜி, காபி, சந்தனம், குங்குமம், தட்டு வரிசை எல்லாம் ஆயிற்று. ஆறரைக்குக் கயலை அழைத்துவந்து உட்கார வைத்தார்கள். நீலப் பட்டு, நல்ல களை. ஏழுமலை பத்திரிகையை என் கையில் கொடுத்துவிட்டுத் தூண் பக்கம் போய் நின்றுகொண்டார். நான் எழுந்து, "நிகழும் மங்களகரமான ஆண்டு" என்று ஆரம்பித்தேன். தமிழாசிரியர் யாராவது இருந்திருந்தால் முழு மதிப்பெண் போட்டிருப்பார்.

மூன்றாவது வரி தாண்டவில்லை. மாப்பிள்ளையின் பெரியப்பா கையை உயர்த்தினார். நரைத்த மீசை, அமைதியான மனிதர், இந்தச் சம்பந்தத்தை முடித்துவைத்தவரே அவர்தான்.

"ஒரு நிமிசம்மா. நீங்க பொண்ணுக்கு இன்னா மொற?"

"கூட வேலை பார்க்கிறேன்."

"பொண்ணோட அப்பா அதோ நிக்கறாரு. அவுரு ஏன் படிக்கல?"

மாப்பிள்ளையின் அம்மா கையிலிருந்த தாம்பாளத்தைக் கீழே வைத்துவிட்டார். எனக்கு அதன் அர்த்தம் புரியவில்லை. சரோஜா அம்மாவுக்குப் புரிந்தது, முகம் வெளுத்துவிட்டது. பிற்பாடு சொன்னார்கள்: பெற்றவர் உயிரோடு இருந்து, சபையிலும் இருந்து, பத்திரிகையை வேறு ஆள் வாசித்தால் பெண்ணைக் கொடுக்க அவருக்கு இஷ்டமில்லை என்று அர்த்தமாம். அவர் வாயால் சொல்லாத பெண்ணை யாரும் எடுக்க மாட்டார்கள். வீட்டில் இது தெரியாதவர் இல்லை. ஆனால் அம்பத்தூர்க்காரர்கள் நாகரிகமானவர்கள், அதையெல்லாம் மறந்திருப்பார்கள், சிரிக்க மட்டும்தான் தெரியும் என்று இவர்களாகவே நினைத்துக்கொண்டார்கள்.

"மனசுல எதுனா கொற இருந்தா இப்பவே சொல்ட்டுங்க சார். நாங்க தப்பா எடுத்துக்க மாட்டோம்" என்றார் பெரியப்பா.

"ஐயய்யோ, அப்டிலாம் ஒண்ணும் இல்லீங்க" என்று ஏழுமலை வேகமாக முன்னால் வந்தார். என் கையிலிருந்து தாளை வாங்கினார். வேட்டியில் உள்ளங்கையைத் துடைத்துக்கொண்டு, முதலிலிருந்து ஆரம்பித்தார்.

"நிகயும் மங்களகரமான..."

பின் வரிசையில் ஒரு சிரிப்பு. யார் என்று பார்க்கவே வேண்டாம், அந்தச் சித்தப்பா மகன்தான். பிரகாஷ் திரும்பி அவனை முறைத்தான். நாலைந்து பேர் உதட்டைக் கடித்துக்கொண்டார்கள். பெரியப்பா மட்டும், "நீங்க படிங்க" என்றார். ஏழுமலை படித்தார். சொபயோக சொபதினத்தில் என்றார், முவூர்த்தம் என்றார். ஆலையில் பத்து இயந்திரச் சத்தத்துக்கு மேலே கேட்கிற குரல் அது, ஒளித்துவைக்க முடியாது. "என் மகள் சௌபாக்கியவதி கயல்வியியை" என்று சொல்லும்போது தாளிலிருந்து கண்ணை எடுத்து மகளைப் பார்த்தார்.

கயல் தலையைக் குனிந்திருந்தாள். நெற்றிச்சுட்டி கண் வரை இறங்கிவிட்டது, அவ்வளவு குனிவு. என் பக்கத்தில் மாப்பிள்ளை வீட்டு அம்மா ஒருவர், "இன்னா அடக்கம் பாரேன், நிமிரவே இல்ல" என்று இன்னொருவரிடம் மெச்சினார். ஏழுமலைக்கு வரி தப்பியது. விரலால் தேடிக் கண்டுபிடித்து மீதியையும் படித்து முடித்தார். பெரியப்பா எழுந்து வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். தாம்பூலம் மாற்றினார்கள். சாப்பாடு வெகு ஜோர், பிரிஞ்சியும் கத்தரிக்காய்த் தொக்கும் இரண்டு முறை கேட்டு வாங்கினேன். எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்றுதான் நான் தூங்கப் போனேன்.

இனி, தகவல் மட்டும் கேட்டவர்களுக்கு. வேலூர், ஆற்காடு, திருவண்ணாமலை மூன்று பக்கமிருந்தும் ஆரணிக்கு அடிக்கடி பேருந்து உண்டு. பட்டு எடுக்கக் காலை பத்து மணிக்குப் போங்கள், பகல் வெளிச்சத்தில் வாசலுக்குக் கொண்டுவந்து நிறம் பாருங்கள். கைத்தறியா விசைத்தறியா என்று வெட்கப்படாமல் கேளுங்கள், இரண்டும் இந்த ஊரில் ஓடுகின்றன, விலையில் பாதிக்குப் பாதி வித்தியாசம். ஒரு கடையில் உங்களைக் கண்டுகொள்ளவில்லை என்றால் அடுத்த கடைக்குப் போய்விடுங்கள், தெருவில் கடைக்குப் பஞ்சமில்லை. திருமலைக்கு நேரடிப் பேருந்தை நம்ப வேண்டாம், ஆட்டோதான் சரி. பாறை சுடும், மூன்று மணிக்கு முன்னால் படியேறாதீர்கள். தண்ணீர் கையோடு கொண்டுபோங்கள். தங்குவதற்கு ஆரணியில் சாதாரண விடுதிகள் உண்டு, எனக்குக் கயல் வீடு இருந்ததால் வாடகை தெரியாது.

ஞாயிறு காலை 9.20 வண்டியில் நானும் கயலும் வேலூர் கிளம்பினோம். ஏழுமலை எங்கள் பைகளைத் தூக்கிவந்து வண்டிக்குள் வைத்துவிட்டு, "போய்ட்டு வாங்கம்மா" என்று இறங்கினார். கயல் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். கல்யாணப் பெண், கனவு கண்டுகொண்டு வருகிறாள் என்று நானும் விட்டுவிட்டேன். பாதி தூரத்தில் அவளே ஆரம்பித்தாள்.

"அக்கா, நேத்து எல்லாரும் அடக்கம் அடக்கம்னு சொன்னாங்க இல்ல?"

"ஆமா, மாப்பிள்ளை வீட்டுக்காரங்க ஒரே புகழ்ச்சி."

"அது அடக்கம் இல்லக்கா. அவன் சிரிச்சான் பாருங்க, அப்ப குனிஞ்சேன். அப்பறம் நிமிர முடியல. அப்பா என் பேர் சொல்றப்ப இன்னும் குனிஞ்சேன். மத்தவங்களுக்குத் தெரியல. அப்பாவுக்குத் தெரிஞ்சிடுச்சி."

எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"காலைல பைய எடுத்துகினு வரும்போது சொன்னாரு. 'கல்யாணத்துல நாலு வார்த்த பேச மைக் குடுத்தா நான் வாங்க மாட்டேன் கயலு. உங்க சித்தப்பன பேசச் சொல்லிக்கீறேன். நான் வாயத் தொறக்கல. நீ தலைய நிமித்திகினு உக்காரு'ன்னு. கோவமாச் சொல்லியிருந்தா பரவால்லக்கா. டிபன் சாப்ட்டியான்னு கேக்கற மாரி சொன்னாரு."

வாட்ஸப்பில் அந்தப் பையன் ஒரு மாதமாகப் போட்ட கூத்து அவருக்குத் தெரியுமோ தெரியாதோ, தெரிந்தாலும் தாங்கியிருப்பார் என்று நினைக்கிறேன். சபை சிரித்தபோதும் அவர் படித்துக்கொண்டேதான் போனார். மகள் குனிந்ததைப் பார்த்துத்தான் வரி தப்பியது. கயலுக்கு நான் இதைச் சொல்லவில்லை, சொல்லத் தேவையும் இல்லை, அவளுக்கு என்னைவிட நன்றாகத் தெரிந்திருந்தது. கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கண்ணமங்கலத்தில் வண்டி டீக்கு நின்றது. கயல் எழுந்து மேலிருந்து தன் பையை இறக்கினாள்.

"எங்கே?"

"வீட்டுக்கு. நாளைக்கு லீவு சொல்லிடுங்க அக்கா."

"அப்பாகிட்ட என்ன சொல்லப் போறே?"

"சித்தப்பா வேணாம், நீதான் பேசணும்னு சொல்லணும். நீ பேசி முடிக்கற வரைக்கும் நிமிந்து உன்னையே பாத்துகினு இருப்பேன்னு சொல்லணும். போன்ல சொன்னா சரிம்மா சரிம்மான்னு வெச்சிடுவாரு."

இறங்கிப் போய்விட்டாள்.

கண்ணமங்கலம் வரை வந்துவிட்டு ஆரணிக்குத் திரும்ப நினைப்பவர்களுக்கும் ஒரு தகவல் சொல்லிவிடுகிறேன். சாலையைக் கடந்து எதிர்ப்பக்கம் நின்றால் போதும், வண்டி சீக்கிரம் வந்துவிடும். என் பேருந்து கிளம்புவதற்குள் அவளுக்குக் கிடைத்துவிட்டது. உட்கார இடமில்லை, கம்பியைப் பிடித்து நின்றுகொண்டே போனாள்.